வானத்துக் கணக்குப்பிள்ளை

வியாபாரிக்கு இருப்புக் கணக்கு பழகிய விஷயம். வருஷ ஆரம்பத்தில் கிடங்கில் இருந்த சரக்கையும் முடிவில் மிஞ்சியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவில் நடந்தது புரிந்துவிடும். பூமியின் இருப்பை அப்படி எழுதிவரும் கணக்குப்பிள்ளைகள்தாம் செயற்கைக்கோள்கள். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972இல் ஏவப்பட்டது. நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். வரிசையில் முதல் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988இல் மேலே போனது. ஆக, ஐம்பது வருஷத்துப் பேரேடு இன்று கைவசம் இருக்கிறது.

நாற்பது வருஷமாகப் பாத்திரக் கடை நடத்தும் நான் விஞ்ஞானி அல்லன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்தக் கோள்கள் வெறும் புகைப்படம் எடுப்பதில்லை. ஒவ்வொரு பொருளும் சூரிய ஒளியை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்புகிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் பளிச்சென்று திருப்பிவிடும். தண்ணீரோ அகச்சிவப்பையும் விழுங்கிவிடும். அதனால் படத்தில் ஏரி கறுப்பாகத் தெரியும். சரி, மேகம் மூடிக்கொண்டால்? அதற்கு ரேடார் கோள்கள் உண்டு. அவை தாமே நுண்ணலைகளை அனுப்பி, எதிரொலித்து வருவதை வாங்கிக்கொள்ளும். இரவும் மழையும் அவற்றுக்கு ஒரு பொருட்டல்ல.

கிழக்கிந்தியாவில் வாழும் நமக்குச் சிக்கிம் அண்டை வீடு. அங்கே வடக்கே, சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் தெற்கு லோனாக் ஏரி இருக்கிறது. பனியாறு உருகிப் பின்வாங்க, அது விட்டுப்போன பள்ளத்தில் நீர் தேங்கி உண்டான ஏரி. பனியாறு கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணுமே அதற்குக் கரை. எழுபதுகளில் சிறிதாக இருந்த ஏரி வருஷாவருஷம் பெருத்துவந்ததைக் கோள்கள் பதிந்தே வைத்திருந்தன. 2016இல் குழாய் வைத்து நீரை வடித்தும் பார்த்தார்கள். அது போதவில்லை.

2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, பக்கத்துச் சரிவில் உறைந்துகிடந்த மண்ணும் பாறையும் ஏரிக்குள் சரிந்தன. சுமார் 20 மீட்டர் உயர அலை எழும்பிக் கரையை உடைத்தது. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் கணக்கைப் பாருங்கள்: செப்டம்பர் 28இல் ஏரியின் பரப்பு 167.4 ஹெக்டேர், அக்டோபர் 4 காலை ஆறு மணிக்கு 60.3 ஹெக்டேர். சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்நிலையத்தின் அணை அடித்துப்போயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் காணாமற் போனார்கள். சிங்தாம், ரங்போ ஊர்களில் என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் உண்டு. கடைக்குள் ஆளுயரத்துக்குச் சேறு என்று போனில் சொன்னபோது என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

லோனாக்கோடு இது முடியவில்லை. 2024 ஏப்ரலில் இஸ்ரோ ஒரு கணக்கு வெளியிட்டது. இமயத்து ஆற்றுப் படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் 2,431. அவற்றில் 676 ஏரிகள் 1984க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு பெரிதாகியுள்ளன. அந்த 676இல் 130 இந்தியாவுக்குள் உள்ளவை. இமாசலத்தின் கெபாங் காட் ஏரி மட்டும் 1989இலிருந்து 2022க்குள் 36.49 ஹெக்டேரிலிருந்து 101.30 ஹெக்டேராக வளர்ந்துவிட்டது.

கோள் ஏரியின் பரப்பைச் சொல்லும். கரை எந்த ராத்திரி உடையும் என்று சொல்லாது. அதற்கு ஏரிக்கரையில் கருவியும், கீழூரில் எச்சரிக்கை மணியும், ஆற்றை ஒட்டி வீடு கட்டாத புத்தியும் வேண்டும்.

நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர்கள். இஸ்ரோவின் புவன் தளத்தில் படங்களைப் பார்க்கலாம். லேண்ட்சாட்டின் பழைய படங்களும் 2008 முதல் இலவசம். நாம் குடியிருக்கும் ஊரின் குளத்தையும், விட்டுவந்த சொந்த ஊரின் ஏரியையும் அன்றும் இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளை ஒழுங்காகத்தான் எழுதுகிறார். பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியது முதலாளியின் வேலை.