பேரெண் ஒன்றும் வருடப் பிறப்பும்

சித்திரை பிறக்குந்தோறும் யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் வினா ஒன்றுண்டு. மருத்துநீர் வைப்பது வாக்கியத்தின்படியா, திருக்கணிதத்தின்படியா? கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் குறிக்கும் நேரம் வேறு. திருக்கணிதம் குறிக்கும் நேரம் வேறு. இவ்வேற்றுமைக்குக் காரணம் பல. வருடத்தின் நீளத்தை இரண்டும் ஒன்றாகக் கொள்ளாமை அவற்றுள் ஒன்று.

வாக்கிய மரபு ஆரியபடர் வழியது. அவர் கணக்கின்படி 4320000 வருடங்கொண்ட மகாயுகத்தில் 1577917500 நாட்கள் உள்ளன. புராணப் பெருக்கம்போலத் தோன்றும் இவ்வெண், வகுத்துப் பார்ப்பார்க்கு வேறு முகங் காட்டும். பெரியதைச் சிறியதால் வகுத்து, வரும் மீதியால் அச்சிறியதை வகுத்து, இவ்வாறே தொடர்க. ஏழாம் வகுத்தலில் மீதியின்றி முடியும்; வகுத்த எண் 7500. இதுவே பொதுக் காரணிகளுட் பெரியது. இதனால் இரண்டையுஞ் சுருக்கினால் 576 வருடத்துக்கு 210389 நாட்கள். ஒரு விநாழிகைகூட மிஞ்சாது.

576இல் 2உம் 3உம் அன்றி வேறு முதன்மை எண் இல்லை. 60ஐ மும்முறை பெருக்கிய 216000ஐ 576 மீதியின்றி வகுக்கும். ஆகவே வருடம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை என்று வால் இன்றி நிற்கிறது. இது தற்செயலென்று நான் நம்பவில்லை. மனக்கணக்கே கருவியாக இருந்தவர்க்கு அந்த வால் பெருந்தொல்லை. ஜோன் வாரன் என்ற அறிஞர் 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் நூலில், புதுச்சேரித் தமிழர் ஒருவர் மனனஞ் செய்த வாக்கியங்களைக்கொண்டு, தரையில் சோழி வைத்தே கிரகணத்தைக் கணித்ததைப் பதிந்துள்ளார்.

சூரிய சித்தாந்தம் கூறும் எண் 1577917828. கூடியது 328 நாட்களே. பொதுக் காரணியோ 7500இலிருந்து 4ஆக வீழ்ந்தது! முழுநாட்களாக முடிய இப்போது 1080000 வருடம் வேண்டும். தற்பரைக்குக் கீழும் ஒருபடி இறங்கவேண்டும். இத்தனை தொல்லையால் வானத்தை நெருங்கினார்களா எனில், இல்லை. ஏறக்குறைய ஏழு விநாடி மேலும் விலகினர்.

ஆரியபடர் வருடமும் பிழையற்றதன்று. இன்றைய அளவையின்படி நட்சத்திர வருடம் அதனினும் சுமார் 3 நிமிடம் 20 விநாடி குறைந்தது. 430 வருடத்தில் ஒரு நாள் பிசகும். வாக்கியத்தை அறியாமை என்று இகழ்வோர் அவ்வெண்ணின் அமைப்பைக் கண்டிலர். பிசகாது என்போர் வானத்தைக் கண்டிலர்.

நிற்க. வாக்கியத்தின்படி 576 வருடங் கழிந்தால் சித்திரை அதே நாழிகையில் பிறக்கும். கிழமை மட்டும் நான்கு தள்ளிப்போகும். 210389ஐ ஏழால் வகுத்தால் மீதி 4 அன்றோ? கிழமையும் ஒத்துவர 4032 வருடம் செல்லும்.