தீபாவளி ஒரு நாள், பலகார டின் ஒரு மாதம்



"தீபாவளி அன்னிக்குமா கணக்குப் பாத்துச் சாப்பிடணும்? ஒரு நாளு தின்னா என்ன கெட்டுப்போச்சு?" பண்டமாரானிலும் சரி, கேரித் தீவிலும் சரி, இந்தக் கேள்வி எழாத வீடு இல்லை. கேள்வியில் நியாயமும் இருக்கிறது. நல்ல உடம்புக்காரர் ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் சங்கதி வேறு. அவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

ஆனால் நாம் தின்பது ஒரே ஒரு நாள்தானா? கொஞ்சம் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே முறுக்கு சுட ஆரம்பித்து விடுகிறோம். உப்புப் பார்க்க ஒன்று, பதம் பார்க்க ஒன்று, உடைந்து போனது நாலு. முதல் நாள் முன்னோருக்குப் படையல். மறுநாள் பண்டிகை. அதற்கப்புறம் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சொந்தக்காரர் வீடு, கூட்டாளி வீடு, வேலையிடத்து விருந்து. இதெல்லாம் முடிந்தும் அலமாரியில் பலகார டின் பாதி நிறைந்து நிற்கும். அது தீருவதற்குள் கிறிஸ்துமஸ், அடுத்து பொங்கல், தைப்பூசம். சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பக்கத்து வீட்டார் அழைக்கும்போது போகாமல் இருக்க முடியுமா? இந்த நாட்டில் எல்லாப் பண்டிகையும் நம் பண்டிகைதான். அது நமக்குக் கிடைத்த பாக்கியம். இடுப்பைக் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

கலோரி என்றதும் டாக்டர் பாஷை என்று ஒதுங்க வேண்டாம். லாரிக்கு டீசல் எப்படியோ உடம்புக்குக் கலோரி அப்படி. ஒரே வித்தியாசம், லாரித் தொட்டி நிரம்பினால் வழியும். உடம்புத் தொட்டி வழியாது, மிச்சத்தையெல்லாம் கொழுப்பாக்கி வயிற்றைச் சுற்றிச் சேர்த்து வைக்கும். மாவிலும் சீனியிலும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி. நெய்யிலும் எண்ணெயிலும் 9. இவ்வளவு தெரிந்தால் அடுப்படியிலேயே கணக்குப் போட்டுவிடலாம், படிப்பு வேண்டியதில்லை.

நெய் உருண்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ பயற்று மாவு, ஒரு கிலோ சீனி, அரைக் கிலோ நெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு 3,500 கலோரி, சீனி 4,000, நெய் 4,500. ஆகமொத்தம் 12,000. அதில் நூறு உருண்டை பிடித்தால் ஒன்றுக்கு 120 கலோரி. வாயில் போட்டால் இரண்டு நிமிஷத்தில் கரைந்துபோகிற உருண்டை! இரண்டு தின்றால் 240. அதைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். எண்ணெயில் பொரித்த முறுக்கு நூறு கிராமுக்குச் சுமார் 500 கலோரி.

நம் பாட்டன் பூட்டனும் இதைத்தானே தின்றார்கள், அவர்களுக்குத் தொந்தி இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லைதான். அவர்கள் விடியுமுன் பெரட்டுக்குப் போய், ஆளுக்கு ஐந்நூறு மரம் போலச் சீவி, பால் வாளி தூக்கி நடந்தவர்கள். இன்றைக்கும் செம்பனைக் காட்டில் இருபது கிலோ குலையை வெட்டித் தள்ளுவோருக்குக் கலோரி வேண்டும்தான். நாளெல்லாம் உடம்பை அசைத்துப் பாடுபடுகிறவருக்கு 2,500, அதற்கு மேலும் செலவாகும். ஆனால் கிள்ளான் வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் லாரி ஓட்டுகிறார்கள், துறைமுகத்தில் கிரேனில் உட்கார்ந்திருக்கிறார்கள், தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிறார்கள். உட்கார்ந்த வேலைக்கு ஆண்களுக்கு 2,000 கலோரியும் பெண்களுக்கு 1,600 கலோரியும் ஏறக்குறையப் போதும். வேலை மாறிவிட்டது, மங்கில் விழுகிற சோறு மட்டும் மாறவில்லை.

அதோடு பழைய தோட்டத்து வீட்டில் பலகாரம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஆடு வெட்டிக் கூறு போட்டால்தான் கறி. இன்றைக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போனால் வருஷம் பூராவும் லட்டும் ஜிலேபியும் அடுக்கி வைத்திருக்கிறான்.

இப்போது பண்டிகைக் கால மிச்சத்தைக் கணக்கிடுவோம். தினமும் வேலை முடிந்து வந்து நெய் உருண்டை இரண்டு, ஒரு பிடி முறுக்கு, ஒரு கிளாஸ் ஆரஞ்சுத் தண்ணீர். சாதாரணச் சாப்பாட்டுக்கு மேல் இது 400 கலோரி. இருபது நாளில் 8,000. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி போதும். ஆக, டின் காலியாகும்போது ஒரு கிலோ உங்கள் இடுப்பில்!

அமெரிக்காவில் 195 பேரைப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டு ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாகக் கூடிய எடை அரைக் கிலோவுக்கும் குறைவு, 370 கிராம்தான். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் அந்த எடை அடுத்த பண்டிகை வரைக்கும் குறையவில்லை என்பதுதான் விஷயம். வருஷா வருஷம் வந்த விருந்தாளி திரும்பிப் போகாமல் தங்கிவிட்டால் வீடு என்ன ஆகும்?

இதில் அழகு குலைவது இருக்கட்டும். 2019-இல் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். ஒரு லயத்தில் வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பெரியவர்களில் மூன்று பேர் என்று அர்த்தம். புதிதாக டயாலிசிஸ் செய்ய வருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தால் யார் வேலைக்குப் போவது, யார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது?

சரி, டின்னில் இருப்பதைத் தின்னாமல் விட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். நம் வீடுகளில் சாப்பாட்டைக் கொட்ட மனம் வராது. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி காணாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த ஜனங்கள் நாம். "கொட்டாதே, பாவம்" என்று பாட்டி சொன்னது பேத்தி காதில் இன்னும் ஒலிக்கிறது. அது நல்ல பழக்கம், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பாவத்துக்குப் பயந்து யார் வயிற்றில் கொட்டுகிறோம்? பெரும்பாலும் அம்மாவின் வயிற்றில். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பிள்ளை கடித்து வைத்த அதிரசம், விருந்தாளி விட்டுப்போன கேசரி, சட்டியில் ஒட்டிய பிரியாணி என்று நின்றுகொண்டே தின்று முடிப்பது அவள்தான். கேட்டால், "நான் ஒண்ணுமே சாப்பிடலையே" என்பாள். பொய் சொல்லவில்லை பாவம், உட்கார்ந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

ஆகவே தாய்மார்களே, கணக்குப் போட வேண்டிய இடம் விருந்து மேசை இல்லை. அங்கே மாமி தட்டை நீட்டும்போது வேண்டாம் என்றால் மனவருத்தம்தான் மிஞ்சும். மளிகைச் சாமானுக்குப் பட்டியல் எழுதும்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். போன வருஷம் மூன்று கிலோ மாவில் முறுக்கு சுட்டீர்களா? தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து எவ்வளவு மிச்சம் இருந்தது? அந்த அளவைக் குறைத்து வாங்குங்கள். ஏழு வகைப் பலகாரத்தை மூன்று வகையாக்கினால் கௌரவம் போய்விடாது, காசும் மிச்சம். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டார் பேசிவைத்து ஆளுக்கு ஒரு வகை சுட்டு மாற்றிக்கொண்டாலும் நல்லதுதான். நெய் உருண்டையைச் சின்னதாகப் பிடியுங்கள். பன்னிரண்டு கிராம் உருண்டைக்கு அறுபது கலோரிதான், வருகிறவர் எப்படியும் இரண்டுதான் எடுப்பார். டின்னைத் தொலைக்காட்சி மேசையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் மூடி வையுங்கள். கண்ணில் படாத பலகாரம் பாதி தங்கும்.

ஆட்டுக்கறியைத் தீபாவளிக்கு முதல் நாளே சமைக்கிற வீடுகள் அநேகம். மறுநாள் காலையில் தோசைக்கு அதன் ருசியே தனி. ராத்திரி ஆறினதும் அந்தக் கறியை ஐஸ் பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து நிற்கும். அதை வழித்தெடுத்தால், எடுக்கிற ஒவ்வொரு பெரிய கரண்டிக்கும் நூறு கலோரிக்கு மேல் போச்சு. ருசி குறையாது, சொல்லாவிட்டால் வீட்டுக்காரருக்குத் தெரியவும் தெரியாது. கெட்டித் தேங்காய்ப்பாலுக்குப் பாதி தண்ணீர்ப்பால் சேர்த்தாலும் குழம்பு குழம்பாகத்தான் இருக்கும்.

தின்பதைவிட மோசம் குடிப்பது. வயிறு நிறைந்த மாதிரியே தெரியாமல் உள்ளே போய்விடும். ஒரு கிளாஸ் இனிப்புத் தண்ணீரில் ஐந்து தேக்கரண்டிச் சீனி இருந்தால் நூறு கலோரி. ஆறு வீடு போனால் அறுநூறு. டின் பால் ஊற்றின தே தாரிக் ஒரு கிளாஸ் ஏறக்குறைய 200 கலோரி. சீனி அதிகமுள்ள புட்டிப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் வரி போட்டது. கடையில் ஆற்றித் தரும் தேத்தண்ணிக்கு வரி கிடையாது, நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். விருந்துக்குப் போகிற இடத்தில், "அக்கா, எனக்குத் தே ஓ கோசோங் போதும், முறுக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். கை நனைத்தது போலவும் ஆச்சு, மனமும் நோகாது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மதுவில் உள்ள சாராயச் சத்துக்குக் கிராமுக்கு 7 கலோரி, கிட்டத்தட்ட நெய்யின் தம்பி. ஒரு டின் பீர் சுமார் 140 கலோரி, அதைத் தொட்டுக்கொள்ளப் பொரித்த கோழி வேறு. 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரிக்கை வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து உயிர்களைக் கொடுத்த போராட்டம் அது. அதை நினைத்தாவது இரண்டு டின்னோடு நிறுத்துங்கள் அண்ணே.

வீட்டில் தராசு இல்லையா? ஒரு கயிறு போதும். உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து, தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். இரு முனையும் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் வயிற்றில் கொழுப்பு கூடிவிட்டது. அளவு நாடா இருந்தால் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு, ஆள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக் கொழுப்பு இனிப்பு நீரைக் கூட்டி வரும். தீபாவளிக்கு முன் ஒரு தடவையும் பொங்கலன்று ஒரு தடவையும் அதே கயிற்றால் அளந்து பாருங்கள்.

இனி இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்களுக்கு. பண்டிகை நாளில் இரண்டு விதமாக ஆபத்து வருகிறது. ஒன்று, "இன்னிக்கு இனிப்புத் திங்கப் போறேன், ரெண்டு மாத்திரையாப் போட்டுக்கிறேன்" என்பது. இதைச் செய்யவே கூடாது. டாக்டர் சொல்லாமல் மாத்திரையையோ ஊசி மருந்தையோ கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மற்றது, விடியற்காலை மாத்திரையைப் போட்டுவிட்டு அல்லது ஊசி போட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய், அர்ச்சனை முடிந்து பத்து மணிக்குப் பசியாறுவது. மருந்து உள்ளே, சாப்பாடு வெளியே. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். பார்ப்பவர்கள் "சாமி வந்திருச்சு" என்றோ, "ராத்திரிக் குடி இன்னும் இறங்கலே" என்றோ நினைத்துவிடுவார்கள். அது சீனி இறங்கிப்போன அடையாளம். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், கால் மணி நேரம் பாருங்கள், தெளிந்தவுடன் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். கோயிலுக்குப் போகுமுன் இரண்டு இட்டலி சாப்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

பலகாரம் ஆசை இருந்தால், ஒன்றைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்று, அதற்கு ஈடாகச் சோற்றில் ஒரு கை குறையுங்கள். முழுக்க வேண்டாம் என்று வைராக்கியம் பிடிப்பவர்கள்தான் நடுராத்திரி டின்னைத் திறப்பார்கள்.

இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று இதுவரை பார்க்காதவர்கள் பண்டிகைக்கு முன்பே பாருங்கள். பண்டமாரான் அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். காலை வெறும் வயிற்றோடு போங்கள், பழைய அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிவையுங்கள். தீபாவளி விடுமுறையில் கிளினிக் பூட்டியிருக்கும்.