முப்பது நாள் நோன்பு முடிகிறது, மூன்று நாள் டயட் ஏன் முடியவில்லை?

ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது ஒரு சகோதரர் என்னை நிறுத்தினார். சங்ககிரியில் இரண்டு லாரி வைத்து நடத்துபவர். வயது ஐம்பத்தொன்று. கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.2 என்று அதில் இருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோயின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். எட்டுக் கிலோ குறைக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பியிருக்கிறார். இவருடைய தந்தை இதே நோயில் ஒரு காலை இழந்தவர். ஆகவே இவருக்குப் பயம் இல்லாமல் இல்லை.

"ஹஜ்ரத், முப்பது நாளும் நோன்பு வைக்கிறேன். சித்திரை வெயில்ல லோடு ஏத்துற இடத்துல நின்னாலும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. ஆனா இந்த டயட் மட்டும் மூணு நாளைக்கு மேல நிக்க மாட்டேங்குது. மூணு தடவ ஆரம்பிச்சு மூணு தடவயும் விட்டாச்சு. எனக்கு ஈமான்ல குறையா?" என்று கேட்டார்.

ஈமானில் குறை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் வேறு சரியான பதிலும் என்னிடம் இல்லை. அவருடைய கேள்வி நம்மில் பலருடைய கேள்வி என்பதால், யோசித்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

இது யாருடைய பிரச்சினை?

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது.

நம் உடல்வாகில் கொழுப்பு முதலில் வயிற்றில்தான் சேர்கிறது. கை கால் ஒல்லியாக இருப்பவருக்கும் தொந்தி இருக்கும். அதனால்தான் இந்தியர்களுக்கு அளவுகளைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர் லாரித் தொழிலில் வாழும் ஊர். ஓட்டுநருக்கு நாளெல்லாம் இருக்கை, முதலாளிக்கு நாளெல்லாம் நாற்காலி, இரவில் புரோட்டாவும் சால்னாவும். இடுப்பு எப்படிக் குறையும்?

நோன்பில் இருப்பது, டயட்டில் இல்லாதது

ரமலானில் நம்மைத் தாங்கிப் பிடிப்பது மனஉறுதி மட்டும்தானா? கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, நிய்யத். யாருக்காக, எதற்காக என்பது சஹரிலேயே முடிவாகிவிடுகிறது. இரண்டாவது, எல்லை தெளிவாக இருக்கிறது. ஃபஜ்ர் நேரம் தொடங்கியதிலிருந்து மஃக்ரிப் வரை எதுவும் கிடையாது. "ஒரு வாய் மட்டும்" என்ற பேரத்துக்கே அங்கே இடமில்லை. மூன்றாவது, தனியாக இல்லை. வீடு முழுவதும் நோன்பு, தெரு முழுவதும் நோன்பு. சஹருக்கு எழுப்ப ஆள் இருக்கிறது. நான்காவது, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் சொல்லும், இன்னும் எத்தனை நாள் என்று பிறை சொல்லும்.

இப்போது நம் டயட்டைப் பாருங்கள். "இனிமேல் குறைவாகச் சாப்பிட வேண்டும்" என்று முடிவெடுக்கிறோம். குறைவு என்றால் எவ்வளவு? தெரியாது. எதுவரை? தெரியாது. ஒவ்வொரு வேளையும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மனதோடு புதிதாக வாதாட வேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் பிரியாணி சாப்பிட, நாம் மட்டும் ஓரமாக வெள்ளரிக்காய் கடிக்கிறோம். இப்படி அமைத்துக்கொண்டால் யாருக்குத்தான் நான்காவது நாள் தாங்கும்?

ரமலானில் எடை கூடுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பகலில் நேரத்துக்கு எல்லை இருந்தது, கட்டுப்பட்டோம். மஃக்ரிபுக்குப் பிறகு அளவுக்கு எல்லை வைக்கவில்லை. சமோசா, வடை, ரோஸ்மில்க், கஞ்சிக்குப் பிறகு முழுச் சாப்பாடு. அதே மனிதர், அதே நாள், அதே ஈமான். எல்லை இருந்த இடத்தில் நின்றார், இல்லாத இடத்தில் சறுக்கினார். மனஉறுதி தானாக நிற்பதில்லை, அதை நிறுத்தி வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பசி பொய் சொல்லவில்லை

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், எடை கூடிய 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். 2011இல் வெளியான முடிவு என்ன சொன்னது? ஓராண்டு கழித்தும் அவர்களுடைய உடலில் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுதலாகவே இருந்தன. இழந்த எடையைத் திரும்பப் பெறுவதற்கு உடல் முயன்றுகொண்டே இருந்தது.

ஆகவே டயட்டின்போது பசி கூடினால் "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று நொந்துகொள்ள வேண்டாம். உடல் தன் வேலையைச் செய்கிறது. ஒரேயடியாகப் பட்டினி கிடந்து மாதம் பத்துக் கிலோ குறைக்க நினைப்பவர் அந்த எதிர்ப்பைத் தானே பெரிதாக்கிக்கொள்கிறார். வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகமே போதும்.

சென்னை தந்த இரண்டு பாடங்கள்

சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2006இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் சொல்லித் தந்து, தொடர்ந்து ஊக்கம் கொடுத்தார்கள். ஆலோசனை பெறாத பிரிவில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. இவர்களில் வந்தது 39.3 சதவீதம் பேருக்கு. இத்தனைக்கும் இவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை!

எடை மெஷினில் முள் நகரவில்லை என்பதற்காக டயட்டைக் கைவிடுபவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். எடை குறைந்தால் நல்லதுதான். ஆனால் முள் அசையாத மாதங்களிலும் சரியான உணவும் நடையும் உள்ளே நன்மை செய்துகொண்டிருக்கின்றன.

அதே மருத்துவர் குழு, லண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு 2013இல் வெளியானது. வேலைக்குச் செல்லும் ஆண்கள் 537 பேர். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே ஆலோசனை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகு வாரத்தில் சில முறை செல்போனில் ஒரு சிறு குறுஞ்செய்தி: நடந்தீர்களா, எண்ணெயைக் குறைத்தீர்களா என்பது போல. இரண்டு ஆண்டில் செய்தி கிடைக்காதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. கிடைத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு. மருந்து இல்லை, செலவு இல்லை. நினைவூட்ட ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். சஹருக்குக் கதவைத் தட்டி எழுப்புகிற வேலையைத்தான் அந்தச் செய்தி செய்தது.

நம் வீட்டில் எப்படி அமைப்பது?

ஒன்று, சிறிய, தெளிவான எல்லை. "இனிப்பைக் குறைப்பேன்" என்பது எல்லை ஆகாது. "டீயில் சர்க்கரை இல்லை" என்பது எல்லை. நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன், ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. டீயிலேயே அது தாண்டிவிடுகிறது. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். உணவிலும் இந்த வழியே நிலைக்கும்.

இரண்டு, தொழுகை நேரத்தோடு கட்டுங்கள். ஐவேளைத் தொழுகை என்பது நமக்குக் கிடைத்த ஆயத்தக் கால அட்டவணை. ஃபஜ்ர் முடிந்ததும் அரைமணி நேர நடை. இஷாவுக்கு முன் இரவு உணவு, பிறகு எதுவும் இல்லை. "நேரம் கிடைக்கும்போது நடப்பேன்" என்பவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை.

மூன்று, அடுப்பு ஒன்றாக இருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் சமைப்பவருக்கும் சலிப்பு, சாப்பிடுபவருக்கும் வருத்தம். குழம்பில் எண்ணெயைக் குறைத்தால் வீட்டுக்கே நன்மை. சோறு ஒரு கரண்டி குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டலாம். நாமக்கல் முட்டை பக்கத்திலேயே கிடைக்கிறது. வறுக்காமல் அவித்துச் சாப்பிட்டால் பசி தாங்கும்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை "வீணாகிவிடுமே, குற்றமாயிற்றே" என்று எடுத்துச் சாப்பிடுகிறார்கள். பல தாய்மார்களுக்கு எடை ஏறுவது இப்படித்தான். உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், வரம்பு மீற வேண்டாம் என்றும் அதே வசனத்தில் (அல்அஃராஃப் 31) சொல்கிறான். தேவைக்கு மேல் வயிற்றில் போடுவதும் வரம்பு மீறல்தான். பிள்ளையின் தட்டில் முதலில் குறைவாக வையுங்கள். அப்படியும் மிஞ்சினால் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் கோழிக்குப் போடுங்கள்.

நான்கு, நினைவூட்ட ஒருவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒருவர் "நடந்தாச்சு" என்று போடட்டும், அடுத்தவர் பதில் போடட்டும். மனைவியோ மகளோ நினைவூட்டினால் கோபப்படாதீர்கள். நினைவூட்டுபவரும் நாலு பேர் முன்னால் தொந்தியைக் கேலி செய்யாதீர்கள். வெட்கப்படுத்தினால் மனிதர் ஒளிந்து சாப்பிடுவார்.

ஐந்து, அளவை மாற்றுங்கள். தினமும் எடை பார்த்து மனம் உடைய வேண்டாம். வாரம் ஒருமுறை எடை, மாதம் ஒருமுறை டேப்பால் இடுப்பளவு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தச் சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பரிசோதிக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

வலீமாவுக்குப் போய் வந்த மறுநாள்

டயட் முறிவது பெரும்பாலும் ஒரு விருந்தில். பிரியாணி, தால்சா, பிர்னி. "இன்னொரு கரண்டி" என்று அன்போடு வைக்கிறார்கள். சாப்பிட்டும் விடுகிறோம். ஆனால் கெடுதல் அந்த ஒரு வேளையால் வருவதில்லை. "அதான் போயிடுச்சே" என்று மறுநாளும் அதற்கடுத்த நாளும் விட்டுவிடுவதால் வருகிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் படிந்தது, சிலருக்கு எட்டு மாதத்துக்கும் மேல் ஆகும் என்று தெரிந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ரமலானின் ஒரு மாதப் பழக்கம் பெருநாளோடு கலைந்துவிடுவது ஏன் என்பதும் இதில் ஓரளவு புரிகிறது. முப்பது நாள் பலருக்குப் போதுவதில்லை. ஷவ்வாலின் ஆறு நோன்பு, திங்கள் வியாழன் நோன்பு என்று தொடர்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு அறுந்து போவதில்லை.

ஒரு வக்து தவறிவிட்டது என்பதற்காக அடுத்த வக்தையும் யாராவது விடுவார்களா? தவறியதைக் களாச் செய்துவிட்டு அடுத்ததை நேரத்தில் தொழுகிறோம். உணவிலும் அடுத்த வேளையிலிருந்து மீண்டும் எல்லைக்குள் வந்துவிடுங்கள். தண்டனையாகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவோ உபரி நோன்பு வைக்கவோ கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. உம் உடலுக்கும் உம்மிடம் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம் எடுத்துச் சொன்னதும், அதை நபி (ஸல்) அவர்கள் சரி என்று ஏற்றுக்கொண்டதும் புகாரியில் இருக்கிறது. அளவு மீறித் தின்பதும் அளவு மீறிப் பட்டினி கிடப்பதும் அந்த உரிமையைப் பறிப்பதே.

அந்த லாரிக்கார சகோதரரை அடுத்த வாரம் பார்த்தபோது ஒன்றே ஒன்று சொன்னேன்: "பாய், டயட்டை விடுங்க. டீயில சர்க்கரைய மட்டும் நிறுத்துங்க. ஃபஜ்ர் தொழுதுட்டு என்கூட நடந்து வாங்க." எனக்கும் தொந்தி உண்டு, அதனால் தயங்காமல் அழைத்தேன். நான்கு மாதமாகிறது. அவருக்குக் குறைந்தது இரண்டரைக் கிலோதான். ஆனால் மூன்று நாளில் விட்டவர் நான்கு மாதமாக விடவில்லை. நான் வராத அன்று அவர் எனக்குப் போன் செய்கிறார்.

அல்லாஹ் நம் உடல்களை நமக்கு அமானிதமாகத் தந்திருக்கிறான். அதைப் பேணிக்காக்கும் பக்குவத்தையும், தொடங்கியதை விடாமல் செய்யும் தவ்ஃபீக்கையும் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.