இழுத்துச் செல்லும் இல்லம்

வீடு ஓரிடத்தில் நிற்பது. வண்டி ஊர்தோறும் செல்வது. இவ்விரண்டின் இயல்பையும் ஒருங்கே பெற்றது கேரவன். நம் நாட்டில் இச்சொல்லைக் கேட்டதும், படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் பெரிய வண்டியே நினைவுக்கு வரும். அது தன் எஞ்சினால் தானே ஓடுவது. நாம் இங்கு விளக்கப் புகுவது வேறு வகை. அதற்கு எஞ்சின் இல்லை. காரின் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்வார்கள். இங்கிலாந்தில் இத்தகைய வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, விடுமுறைதோறும் பிள்ளைகளுடன் புறப்படும் குடும்பங்கள் பல.

இவ்வழக்கம் குதிரை வண்டிக் காலத்தில் தோன்றியது. கடற்படை மருத்துவராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885-ஆம் ஆண்டில் ‘வாண்டரர்’ என்னும் வண்டியைச் செய்வித்து, இரு குதிரைகள் பூட்டி, ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகர் வரை சென்றார். உல்லாசப் பயணத்திற்கென்றே ஒருவர் வண்டிவீடு செய்துகொண்டது அந்நாளில் புதுமை. 1907-இல் அங்கே கேரவன் சங்கம் நிறுவப்பெற்றது. 1919-இல் தொடங்கிய எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கப்படும் கேரவன்களைச் செய்து விற்கலாயிற்று.

குடும்பத்திற்கான கேரவனில் பெற்றோருக்கு ஒரு கட்டில், சிறு சமையலிடம், சாப்பாட்டு மேசை ஆகியவற்றோடு, பின்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப் படுக்கைகள் இருக்கும். வெளிமாநிலத்திலிருந்து சொந்த ஊருக்கு இரண்டு இரவுகள் ரயிலில் படுத்து வந்த நம்மவர்க்கு இவ்வமைப்பை விளக்க வேண்டுவதில்லை. மேல் படுக்கைக்கு ஏணியும் தடுப்பும் உண்டு. ஒவ்வொரு படுக்கையும் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு. சிறு குழந்தையைக் கீழேயும், விவரமறிந்த பிள்ளையை மேலேயும் படுக்க வைப்பதே முறை. மேசையை இறக்கிப் படுக்கையாக்கும் வண்டிகளில் நாள்தோறும் விரித்து மடிக்கும் வேலை இருக்கும். அடுக்குப் படுக்கையில் அத்தொல்லை இல்லை. பிள்ளைகள் உறங்கிய பின்பும் பெரியோர் மேசையருகே அமர்ந்திருக்கலாம்.

ஆயின், படுக்கைகளை மட்டும் எண்ணி வண்டி வாங்குதல் ஆகாது. வண்டி ஓடும்போது கேரவனுக்குள் எவரும் பயணம் செய்யலாகாது. ஆறு படுக்கை இருந்தாலும், காரில் ஐந்து இருக்கையே இருந்தால் ஐவர்தாம் செல்ல முடியும். அன்றியும், ஒவ்வொரு கேரவனுக்கும் சட்டப்படியான உச்ச எடை உண்டு. அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் எஞ்சுவதே நாம் ஏற்றக்கூடிய பாரம். அது 150 கிலோ என்று கொள்வோம். மின்கலம், எரிவாயு உருளை, முன்பந்தல், நாற்காலிகள் ஆகியவை பாதியை விழுங்கிவிடும். மீதியில்தான் அனைவரின் துணிமணி, போர்வை, பாத்திரம், உணவு எல்லாம் அடங்க வேண்டும்.

அடுத்தது காருக்கும் கேரவனுக்கும் உள்ள எடைப் பொருத்தம். புதிதாக ஓட்டுவோர்க்கு, பாரம் ஏற்றிய கேரவன் காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அங்கு வழங்கும் அறிவுரை. கார் 1600 கிலோ எனில், கேரவன் 1360 கிலோவுக்குள் இருத்தல் நலம்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இதனை நம் ஊர் வண்டிக்காரர் நன்கறிவர். மாட்டு வண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். கேரவனிலும் அதே கணக்குத்தான். மொத்த எடையில் ஏறக்குறைய 5 முதல் 7 விழுக்காடு வரை கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். பயணத்தின்போது பின்புறப் படுக்கைகள் காலியாகத்தானே கிடக்கின்றன என்று எண்ணி, மிதிவண்டிகளையும் உணவுப் பெட்டிகளையும் அங்கே அடுக்கும் ஆசை எழும். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பின்பாரம் மிகுந்து கொக்கியில் அழுத்தம் குறைந்தால், பெருங்காற்றிலோ, லாரி ஒன்று கடந்து செல்லும்போதோ கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். முற்றினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆதலின் கனமான பொருள்கள் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். படுக்கைகளில் தலையணையும் போர்வையும் மட்டுமே இருக்கலாம். நெளிவு தொடங்கினால், வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, திசைச் சக்கரத்தை நேராகப் பற்றியிருக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கலாகாது. பிரிட்டனில் கேரவனை இழுக்கும் காருக்கு இருவழிச் சாலையில் மணிக்கு 50 மைல், நெடுஞ்சாலையில் 60 மைல் என வேக எல்லை விதித்திருப்பதன் காரணமும் இதனால் விளங்கும்.

நிறுத்திய பின்பும் கவனம் தேவை. குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு எரிவாயு அடுப்பை மூட்டினால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நிறைந்து, உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரும். காற்றுத் துளைகள் எப்போதும் திறந்திருத்தலும், அவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி ஒன்று வைத்தலும் இன்றியமையாதவை.

இனிச் செலவு. வாங்கிய விலையோடு அது முடிவதில்லை. நிறுத்திவைக்க இடம், காப்புறுதி, ஆண்டுப் பராமரிப்பு எனத் தொடரும். இணைப்புகளில் கசியும் நீர் சுவருக்குள் ஊறி மரச்சட்டத்தை உளுக்கச் செய்யும். ஓட்டம் குறைவாயினும் டயர்கள் வயதால் வெடிக்கும். எல்லாவற்றிலும் பெரிய கணக்கு பிள்ளைகளின் வளர்ச்சி. ஏழு வயதில் தாராளமாக இருந்த படுக்கை பதினான்கு வயதில் காலை மடக்க வைக்கும். எத்தனை விடுமுறைகளுக்கு இது பயன்படும் என்று எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். ஓரிரு முறை வாடகைக்கு எடுத்துப் பழகிய பின் முடிவு செய்வது அறிவுடைமை.

நம் நாட்டிலும் கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்தது. தானே ஓடும் வண்டிகளை வாடகைக்கு எடுப்போரும் பெருகி வருகின்றனர். அவ்வாறு குடும்பத்துடன் புறப்படும் நேயர்கள், படுக்கைகளை எண்ணுமுன் இருக்கை வார்களை எண்ணுக. மேல் படுக்கையின் தடுப்பை அசைத்துப் பார்க்க. காற்று வரும் வழியையும் அவசரத்தில் வெளியேறும் வழியையும் கேட்டறிக. இவை சரியாக இருந்தால், வழியில் எந்த ஊரில் இரவு வந்தாலும் குடும்பம் அச்சமின்றி உறங்கலாம்.