டீசல் புகையில் பிறக்கும் நுண்துகள்கள்

சரக்குந்து கரும்புகை கக்கிச் செல்லும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். புகை தெரியாத புதிய டீசல் காரின் பின்னால் நிற்கும்போது அவ்வெச்சரிக்கை நமக்குத் தோன்றுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாததால் காற்று தூயதாகிவிட்டது எனக் கொள்ளலாமா? துகள் பிறக்கும் விதத்தை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றினுள் எரிபொருள் பீய்ச்சப்படுகிறது. உருளை முழுவதையும் நோக்கின் ஆக்சிஜன் தேவைக்கு மேல் உண்டு. ஆனால், பீய்ச்சிய தாரையின் நடுவே அது பற்றாக்குறை. அங்கு எரிபொருள் முற்றும் எரியாமல் சிதைந்து, அசிட்டிலீன் முதலிய சிறு மூலக்கூறுகளாகிறது. அவை வளையங்களாய் இணைந்து பெருத்து, ஏறத்தாழ 20 முதல் 30 நானோமீட்டர் விட்டமுள்ள கரிமணிகளாகின்றன. மணிகள் ஒட்டிக் கொத்தாகும்போது உண்டாவதே புகைக்கரி. அதன் பெரும்பகுதி உருளைக்குள்ளேயே எரிந்துபோக, எஞ்சியதே வெளிவருகிறது.

இரண்டாம் வகைத் துகள், வாயு குழாயை விட்டு நீங்கிய பின்னரே பிறக்கிறது. அவ்வாயுவில் கந்தக அமிலமும், எரியாத எரிபொருளும், மசகெண்ணெயும் ஆவியாய்க் கலந்திருக்கும். வெளிக்காற்றில் அது நொடிப்பொழுதில் குளிர, ஆவி தெவிட்டுநிலையைக் கடக்கிறது. அப்போது அதற்கு இரண்டே வழிகள்: அருகிலுள்ள கரியின் மேல் படிவது, அல்லது தானே புதிய நுண்துளிகளாக உருவெடுப்பது. கரி குறைந்தால் படிவதற்குரிய பரப்பும் குறையும். ஆவி குறையாதவிடத்துப் புதுத்துளிகள் பெருகும். கருமை குறைந்த புகையில் துகள் எண்ணிக்கை மிகக் கூடுவது இதனாலேயே.

ஆகவே கரியை வடிகட்டினால் மட்டும் போதாது; ஆவியின் மூலத்தையும் குறைத்தாக வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஆறாம் நிலை விதிப்படி டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டமை இவ்வகையில் பெரும் நன்மை.

அளவையிலும் ஒரு நுட்பம் உண்டு. 100 நானோமீட்டர்த் துகள் ஒன்றின் எடைக்கு, அதே அடர்த்தியுள்ள 10 நானோமீட்டர்த் துகள்கள் 1,000 வேண்டும். எடையை மட்டும் பார்ப்பவர் இவற்றைக் காணத் தவறுவர். இதை உணர்ந்தே ஐரோப்பா, 2011 முதல் டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகள்கள் என எண்ணிக்கை வரம்பும் விதித்தது. ஆயினும் அச்சோதனை வாயுவைச் சூடாக்கி, ஆவித்துளிகளை நீக்கிவிட்டு, 23 நானோமீட்டருக்கு மேற்பட்ட திண்மத் துகள்களையே எண்ணியது. 2024இல் ஏற்கப்பட்ட யூரோ 7 விதி அவ்வெல்லையை 10 நானோமீட்டராகத் தாழ்த்தினும், கணக்கில் வருவன திண்மத் துகள்களே.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. நுரையீரலின் ஆழத்தை எட்டும் துகளுக்கு நம் கண்ணும் கருவியும் வகுத்த எல்லைகள் தெரியா. கணக்கில் வராதது இல்லாததாகிவிடாது.