கஞ்சி போட்ட காகிதம்

கஞ்சி போட்ட வேட்டி இஸ்திரிச் சூட்டில் விறைத்து நிற்கும். தண்ணீரில் முக்கினால் தளர்ந்துவிடும். வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்பவர்கள் ஒரு காகிதத்திடம் எதிர்பார்ப்பதும் இதே குணத்தைத்தான்.

லேசர் பிரிண்டரின் டோனர் மை அல்ல, கரி கலந்த பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகித் தாளில் ஒட்டுகிறது. மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். சர்க்யூட் படத்தைக் கண்ணாடி பிம்பமாக அச்சிட்டு, செம்பு ஒட்டிய போர்டின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் கோடுகள் செம்பைப் பற்றிக்கொள்ளும். பிறகு தாளை நீக்கிவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் பொட்டலமாகவே கிடைக்கும் ஃபெரிக் குளோரைடைக் கரைத்து அதில் போர்டைப் போட வேண்டும். டோனர் மூடாத செம்பெல்லாம் கரைந்துபோகும். மூடிய இடம் மின்பாதையாக மிஞ்சும்.

சிக்கல் காகிதத்தை எடுக்கும்போதுதான். டோனர் தாளின் நாரையும் விடாமல் பிடித்திருக்கும். 555 ஐ.சி.யின் அடுத்தடுத்த கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர்தான், அதன் நடுவே ஒரு கோடு ஓடினால் அது தலைமுடிபோல் மெலிந்திருக்கும். ஊறிய தாளை விரலால் தேய்த்து உரிக்கையில் அந்தக் கோடுதான் முதலில் பெயர்ந்து வரும்.

கடைகளில் விற்கும் டிரான்ஸ்ஃபர் தாள்கள் பலவற்றில் இதற்காகவே டெக்ஸ்ட்ரின் பூசியிருக்கிறார்கள். மாவுச்சத்தை உலர வறுத்தால் கிடைப்பது டெக்ஸ்ட்ரின். தபால்தலைகளின் பின்புறப் பசையாகவும் இருந்தது. நீர் பட்டதும் கரையும்.

வீட்டில் அதற்கு ஈடு, கார்ன்ஃப்ளார் கஞ்சி. மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல் தெளியும்வரை காய்ச்சி, வழவழப்பான தாளில் ஒரே சீராக மெல்லப் பூச வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் இஸ்திரி போட்டுச் சுருக்கம் நீக்கினால் தாள் தயார். அவசரம் கூடாது: ஈரமான தாளோ, உதிரும் பூச்சோ பிரிண்டரின் சூடான உருளையைப் பாழாக்கிவிடும். சூட்டில் உருகும் பசைகளைப் பூசவே கூடாது.

அழுத்தி முடித்த போர்டு ஆறியதும் வெதுவெதுப்பான நீரில் கிடக்கட்டும். கஞ்சி ஊறி இளகியதும் தாள் தானாகவே நழுவத் தொடங்கும்; டோனர் மட்டும் செம்பின் மேல், கோடு கலையாமல் நிற்கும்.