விரலால் கற்போருக்குத் துணை நிற்போர்

பூந்தமல்லி என்றதும் சிலருக்கு அவ்வூரின் பெயரிலேயே மணக்கும் மலர் நினைவுக்கு வரும். சிலருக்குத் திருக்கச்சி நம்பிகள் நினைவுக்கு வருவார். அன்றாடம் பேருந்தில் செல்வோர்க்கோ நெரிசல் மிகுந்த நெடுஞ்சாலைதான் நினைவுக்கு வரும். அதே ஊரில் கண்பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி ஒன்று இருக்கின்றது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தின் மண்டல மையமும் 1988ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வருகின்றது. இவ்விடங்களைக் கடந்து செல்லும் நம்மில் பலர், ‘பாவம், பார்வையற்ற பிள்ளைகள்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றோம். அப்பிள்ளை எவ்வாறு படிக்கின்றது, அதன் படிப்புக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு நிற்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. அவ்வுழைப்பாளரைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

அவர்களுள் முதல்வர் லூயி பிரெயில். பிரான்சு நாட்டில், சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு 1809இல் மகனாகப் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடும்போது கண்ணிலே காயம்பட்டு, அதன் விளைவாக இரு கண்களிலும் பார்வையை இழந்தார். அக்காலத்தில் பார்பியே என்னும் படைவீரர், இருட்டிலும் தடவிப் படிக்கத்தக்க பன்னிரண்டு புள்ளி எழுத்து ஒன்றை அமைத்திருந்தார். பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கா. பிரெயில் அவற்றை ஆறாகக் குறைத்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் அவ்வாறே 4, 5, 6. இவ்வாறு புள்ளிகளிலிருந்து 63 வெவ்வேறு குறிகள் பிறக்கும். தம் முறையை 1829இல் நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது இருபது.

தமிழ்நாட்டில் இக்கல்வி 1890இல் பாளையங்கோட்டையில், ஆஸ்க்வித் அம்மையாரின் முயற்சியால் வேரூன்றியது. ஆயினும் இந்தியா முழுவதிலும் அவரவர் வகுத்துக்கொண்ட புள்ளி முறைகள் பல இருந்தன. ஒரு முறையில் அச்சிட்ட நூல் மற்றொரு முறை கற்றவருக்குப் பயன்படவில்லை. நூல்களோ மிகச் சில. அவற்றையும் பங்கு போட்டுக்கொண்ட நிலை. இதற்குத் தீர்வு காண இந்திய அரசு 1949இல் யுனெஸ்கோ நிறுவனத்தை நாடியது. அங்கே இப்பணியை மேற்கொண்டவர் சர் குளூத்தா மெக்கன்சி. நியூசிலாந்துக்காரரான இவர் 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் பார்வை இழந்தவர். டேராடூனில் போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்காக 1943இல் தொடங்கப்பெற்ற விடுதிக்குத் தலைமை தாங்கியவர். நம் நாட்டின் சார்பில் உழைத்தவருள் முதன்மையானவர் லால் அத்வானி. இவரும் பார்வையற்றவர், 1947இல் மைய அரசின் கல்வி அமைச்சகத்தில் பணியேற்றவர். 1951இல் பெய்ரூட் நகரில் கூடிய மாநாட்டை ஒட்டி, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் உருப்பெற்றது. பிரெயில், மெக்கன்சி, அத்வானி ஆகிய மூவரும் பார்வையற்றவர்கள் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றேன். இத்தொண்டு இரக்கமுள்ள பிறர் கொடுத்ததாக மட்டும் தொடங்கவில்லை. தேவையை உணர்ந்தவர்களே தமக்கும் பிறர்க்கும் வழி வெட்டினார்கள்.

இனி, இம்முறையில் தமிழ் எவ்வாறு அமர்கின்றது என்று காண்போம். முதற் புள்ளி மட்டும் எழும்பினால் ‘அ’. 1, 3 எழும்பினால் ‘க’. 3, 4, 5 எழும்பினால் ‘ஆ’. ‘கா’ என்று எழுத, ‘க’வை இட்டு அடுத்து ‘ஆ’வை இட்டால் போதும். மெய்யெழுத்தாயின், அதற்கு முன்னே நான்காம் புள்ளியை இடவேண்டும். ஆகவே ‘பால்’ என்னும் சொல் ப, ஆ, புள்ளி, ல என நான்கு குறிகளில் முடியும். நாம் அச்செழுத்தில் ‘கொ’ என எழுதும்போது மெய்யின் இருபுறமும் குறி இடுகின்றோம். பிரெயிலில் அந்தத் தொல்லை இல்லை. ‘க’வும் அதன்பின் ‘ஒ’வுமே வரும். ஒலிக்கும் முறைப்படியே எழுத்தும் செல்கின்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம், புள்ளி ஆகிய 32 குறிகளைக் கொண்டே நம் 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். தொல்காப்பியர் வகுத்த உயிர்மெய் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எழுத்து முறை வேறுண்டோ என்று, இலக்கணம் கற்பித்த எனக்குத் தோன்றுவதுண்டு.

எழுத்து எளிது, நூலாக்குவதுதான் அரிது. கையால் எழுதும் மாணவன் எழுதுபலகையில் தடித்த தாளைப் பொருத்தி, குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்திச் செல்கின்றான். தாளைத் திருப்பினால் எழுத்து இடமிருந்து வலமாக எழும்பி நிற்கும். அச்சுக்கூடத்திலோ பிழை திருத்துவோரின் பொறுப்பு பெரிது. ‘கடல்’ என்னும் சொல்லில் முதலெழுத்தின் மூன்றாம் புள்ளி ஒன்று எழும்பாமற் போயின், அது ‘அடல்’ ஆகிவிடும். கடலைப் பற்றிப் படிக்க வந்த பிள்ளை வலிமையைப் பற்றிப் படிக்க நேரிடும். ஆதலின் பார்வையற்ற ஒருவர் விரலால் தடவிப் படிக்க, பார்வையுள்ள ஒருவர் மூலநூலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். இவர்கள் பெயர் எந்த நூலின் முகப்பிலும் இடம்பெறுவதில்லை.

அடுத்து நிற்பவர் சிறப்பாசிரியர். கரும்பலகையை நம்பிப் பாடம் நடத்திப் பழகிய என் போன்றோர்க்கு அவருடைய பணியின் அருமை நன்கு விளங்கும். எண்கோணத் துளைகள் கொண்ட டெய்லர் சட்டகத்தில், சிறு உலோக அச்சுகளைத் திசை மாற்றிச் செருகி அவர் கணக்குக் கற்பிக்கின்றார். புடைத்த கோடுகளால் ஆகிய படத்தில் காவிரி ஓடும் வழியை மாணவனின் விரலைப் பிடித்துக் காட்டுகின்றார். கைத்தடி கொண்டு தனியே தெருவில் நடக்கவும் பயிற்றுகின்றார்.

இத்தனை பேர் சேர்ந்து வளர்த்த கல்வி, தேர்வு நாளன்று மற்றொருவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றது. அவர்தாம் ‘சொல்வதை எழுதுபவர்’. மாணவன் விடையைச் சொல்ல, அவர் எழுதுகின்றார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேர்வில் இவ்வுதவிக்கும் கூடுதல் நேரத்துக்கும் இடமளிக்கின்றது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடுநேரம் தரவேண்டுமென்று 2018இல் மைய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் கூறின. தேர்வர் தாமே எழுதுபவரை அழைத்து வரின், அவர் தேர்வரைவிட ஒரு படி குறைந்த கல்வித் தகுதி உடையவராக இருத்தல் வேண்டும் என்றும் அவை விதித்தன. முறைகேடு நிகழாதிருக்க இவ்விதி வேண்டும்தான். ஆயினும் அதன் கடுமையையும் உணர்தல் வேண்டும். கலைச்சொல் அறியாதவர் எழுதினால், எழுத்துக்கூட்டிச் சொல்வதிலேயே நேரம் கழியும். எழுதுபவர் வாராது போனாலோ, ஓராண்டுப் படிப்பும் தேர்வறையின் வாயிலிலேயே நின்றுவிடும். சட்டம் உரிமையைத் தரலாம். குறித்த நாளில் குறித்த மணிக்கு வந்து அமரும் மனிதரை அது தானே உண்டாக்கிவிடாது.

கணிப்பொறி வந்தபின் இவர்களெல்லாம் எதற்கு என்று சிலர் வினவலாம். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கருவிகள் பெரும் விடுதலை தந்துள்ளன என்பது உண்மையே. பார்வையற்றோர்க்கான இணைய நூலகமாகிய சுகம்ய புஸ்தகாலயா 2016இல் தொடங்கப்பெற்றது. எனினும் பழைய தமிழ் நூலைப் படமெடுத்துக் கருவியிடம் கொடுத்தால், அது ‘ர’வையும் காலையும் குழப்பிவிடுவதுண்டு. அதைத் திருத்த ஒரு தமிழறிந்த கண் வேண்டும். படங்களையும் அட்டவணைகளையும் சொல்லால் விளக்க ஓர் ஆள் வேண்டும். மேலும், காதால் மட்டும் கற்கும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை தெரியாது. ‘பள்ளி’க்கும் ‘பல்லி’க்கும் உள்ள வேறுபாட்டை விரல் உறுதியாகக் காட்டும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றோர் நம் வட்டாரத்தில் மிகப் பலர். கணக்கு, இயந்திரவியல், ஆங்கிலம், தமிழ் என அவர்கள் அறிந்தவை பல. பிறந்தநாளில் விடுதிப் பிள்ளைகளுக்கு விருந்தளிக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு, அது தொடரட்டும். அதனோடு வாரம் ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டுவதையும் சேர்த்துக்கொள்ளலாகாதா? பள்ளியின் தலைமையாசிரியரை அணுகி, என்ன தேவை என்று முதலிற் கேளுங்கள். சொன்ன நேரத்துக்குச் செல்லுங்கள். எதையும் விட்டுவிடாமல், தலைப்பும் அடிக்குறிப்பும் உட்பட வாசியுங்கள். வழிகாட்ட நேர்ந்தால் அவர் கையைப் பற்றி இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ள விடுங்கள். தேர்வுக்கு எழுத, வீட்டில் தகுதியுள்ள பேரனோ பேத்தியோ இருப்பின் அவர்களை ஆயத்தப்படுத்துங்கள். மாணவன் சொன்னதை மட்டுமே எழுதவேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று அறிவுறுத்துங்கள். இவ்வாண்டுத் தேர்வுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே சென்று உங்கள் பெயரைப் பதிந்துகொள்வது நன்று.